கடலின் பள்ளமும் கரையின் கேள்வியும்

கல்முனைக் கடற்கரையில் நிற்பவனுக்குக் கடல் ஒரு சமதளமாகவே தோன்றும். தொடுவானம் வரை ஒரே மட்டம். அதில் மேடுமில்லை, பள்ளமுமில்லை. கரைவலை இழுக்கும் தொழிலாளியும், பள்ளிக்கூடத்திற் புவியியல் கற்பிக்கும் ஆசிரியரும் இக்காட்சியை ஐயுறுவதற்குக் காரணம் எதுவுமில்லை. ஆயினும் விஞ்ஞானம் இக்காட்சியை மறுக்கின்றது. பூமியின் ஒழுங்கான கணித வடிவத்தோடு ஒப்பிட்டு நோக்கின், இலங்கைக்குத் தெற்கே கடலின் மட்டம் 106 மீற்றர் தாழ்ந்து கிடக்கின்றது. முப்பது இலட்சம் சதுர கிலோமீற்றருக்கு மேல் விரிந்த பள்ளம் இது. உலகக் கடல்களில் இதனினும் தாழ்ந்த மட்டம் வேறெங்கும் இல்லை.

நீர் ஏன் ஓடிவந்து இப்பள்ளத்தை நிரப்பவில்லை? நீர் தேடுவது கணித வடிவத்தையன்று, புவியீர்ப்பின் சமநிலையை. பூமியின் வயிற்றிலே பொருட்செறிவு குறைந்த இடத்தில் ஈர்ப்பும் குறைகிறது. ஈர்ப்பு குறைந்த இடத்தில் நீர் குவிந்து நிற்பதில்லை, சுற்றியுள்ள கடலை நோக்கி விலகிவிடுகிறது. ஆகவே கடலின் மேற்பரப்பு, தன் கீழே பல நூறு கிலோமீற்றர் ஆழத்தில் உள்ளதைக் காட்டும் ஓர் ஏடாக அமைந்துவிடுகிறது.

அந்த ஏட்டைப் படித்தவர் யார்? எந்த நோக்கத்திற்காகப் படித்தனர்? படித்த செய்தி யாரிடம் சென்று சேர்ந்தது? இக்கட்டுரையில் நாம் ஆராய விழைவது இம்மூன்று வினாக்களையே. ஆழத்தைப் பற்றிய விஞ்ஞானத்திற்கும் ஒரு சமுதாய வரலாறு உண்டு. அதன் கடைசி அத்தியாயங்களில் ஒன்று நமது அம்பாறைக் கரையில் எழுதப்பட்டது.

வரலாறு தென்னிந்தியாவில் தொடங்குகிறது. 1799-ல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மடிந்தபின், பரந்த தக்கண நிலம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிடிக்குள் வந்தது. பிடித்த நிலத்தை ஆளவும், வரி விதிக்கவும், படை நடத்தவும் அளவை வேண்டும். 1802-ல் வில்லியம் லாம்டன் என்ற படை அதிகாரி சென்னை, பரங்கிமலை அருகே அடிக்கோடு ஒன்றை அளந்து, இந்தியாவின் மகா முக்கோண அளவையைத் தொடங்கினார். அவருக்குப் பின் எவரெஸ்ட் அதனை இமயத்தின் அடிவாரம் வரை கொண்டுசென்றார். அங்கே ஒரு முரண்பாடு தோன்றியது. கலியானா, கலியான்பூர் ஆகிய இரு நிலையங்களுக்கும் இடைப்பட்ட அட்சரேகை வேறுபாடு, நிலத்தை அளந்தபோது ஒன்றாகவும், விண்மீனை நோக்கிக் கணித்தபோது மற்றொன்றாகவும் இருந்தது. வேறுபாடு ஐந்து விகலைகளே. ஒரு பாகையின் 3,600-ல் ஒரு கூறே விகலை என்பதை நினைவிற் கொள்க.

கல்கத்தாவில் இருந்த பிரட் என்னும் பாதிரியார் கணிதத்தில் வல்லவர். இமயமலையின் பெரும்பொருள் தூக்குக் குண்டைத் தன்பால் இழுப்பதே இப்பிழைக்குக் காரணம் என அவர் கருதினார். ஆனால் மலையின் இழுவையைக் கணக்கிட்டபோது பதினைந்து விகலைகளுக்கு மேல் வந்தது. அளவையோ ஐந்தைத்தான் காட்டிற்று! அப்படியானால் மலையின் கீழே, ஆழத்தில், பொருட்செறிவு குறைந்திருக்க வேண்டும். 1855-ல் இவ்வாராய்ச்சியும் அதற்கு ஏரி என்ற வானியலாளர் தந்த விளக்கமும் வெளிவந்தன. வரி வசூலிக்கப் பிறந்த அளவை, பூமியின் உள்ளமைப்பைப் பற்றிய முதற் செய்தியைத் தந்தது. ஆண்டவனுக்குத் தேவைப்பட்டது நிலத்தின் பரப்பு. அறிவுக்குக் கிடைத்தது நிலத்தின் ஆழம்.

அடுத்த செய்தி ஒரு பேரழிவிலிருந்து வந்தது. 1897-ல் அசாமைச் சிதைத்த பூமியதிர்ச்சியை ஆராய்ந்தவர், இந்தியப் புவிச்சரிதத் திணைக்களத்தில் பணியாற்றிய ஓல்ட்ஹாம். அதிர்ச்சியின் அலைகள் மூவகைப்பட்டு வெவ்வேறு வேகத்திற் செல்வதை அவர் பிரித்தறிந்தார். 1906-ல், அவ்வலைகள் பூமியின் மறுபுறத்தை அடையும்போது தாமதிப்பதைக் கொண்டு, பூமியின் நடுவே வேறுபட்ட ஒரு கரு உண்டு என நிறுவினார். அன்றுமுதல் பூமியின் அமைப்பு தெளிவுபடத் தொடங்கியது. மேலே மெல்லிய ஓடு, நடுவே கரு, இவ்விரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 2,900 கிலோமீற்றர் ஆழம் வரை பரந்த பாறைப் பகுதி. இதனையே மென்மூடி என்கிறோம். மென்மூடி உருகிய குழம்பு அன்று, திண்மமான பாறையே. ஆனால் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அப்பாறை மெல்ல மெல்ல நகர்கின்றது. வெப்பமானது மேலெழும், குளிர்ந்தது கீழிறங்கும்.

இலங்கையிலும் நிலத்தை ஆராயும் பணி குடியேற்ற ஆட்சியின் தேவையோடே தொடங்கிற்று. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர், பின்னாளிற் கலைவரலாற்றறிஞராகப் புகழ்பெற்ற ஆனந்த குமாரசுவாமியே என்பதை நம்மிற் பலர் அறியார். தோரியனைற் என்ற கனிப்பொருளை உலகுக்கு அறிவித்தவரும் அவரே. 1938 முதல் 1944 வரை அரசாங்கக் கனிப்பொருளியலாளராக இருந்த இந்தியரான வாடியா, இத்தீவின் நிலம் கடற்கரையிலிருந்து மலைநாடு நோக்கிப் படிப்படியாக உயர்வதற்குப் புவியசைவே காரணமெனக் கூறினார். அக்கருத்தைப் பின்வந்தோர் மறுத்ததும் உண்டு. எனினும் ஏற்றுமதிக்கு எது கிடைக்கும் என்ற வினாவைக் கடந்து, இந்நிலம் எவ்வாறு உருவாயிற்று என்ற வினா பிறந்தது.

கடலின் பள்ளத்திற்கு மீள்வோம். அலைபாயும் கப்பலில் ஊசலைக்கொண்டு ஈர்ப்பை அளக்க முடியாது. வெனிங் மைனெஸ் என்ற டச்சு விஞ்ஞானி 1923 முதல் நீர்மூழ்கிக் கப்பல்களில் ஏறி, அலை அடங்கிய ஆழத்தில் தம் ஊசற் கருவியை நிறுத்தி அளவெடுத்தார். போருக்கென்றும் ஜாவா போன்ற குடியேற்ற நாடுகளைக் காப்பதற்கென்றும் கட்டப்பட்டவை அக்கப்பல்கள். இலங்கைக்குத் தெற்கேயுள்ள பள்ளத்தை 1948-ல் முதன்முதல் வெளிப்படுத்தியவர் அவரே. பின்னர் 2002-லும் 2009-லும் ஏவப்பட்ட ஈர்ப்பளக்கும் செயற்கைக் கோள்கள் அதன் எல்லைகளைத் துல்லியமாக வரைந்தன.

1959 முதல் 1965 வரை நடைபெற்ற சர்வதேச இந்து சமுத்திர ஆராய்ச்சிப் பயணம் இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். இரு முகாம்களாக உலகம் பிளவுபட்டிருந்த காலம் அது. ஆயினும் சோவியத் நாட்டின் ‘வீத்தியாஸ்’ உட்பட, 40-க்கு மேற்பட்ட ஆராய்ச்சிக் கப்பல்கள் பல நாட்டுக் கொடிகளோடு ஒரே கடலை ஆராய்ந்தன. அதன் பகுதியாக 1962-ல் ‘ஓவன்’ என்ற பிரித்தானியக் கப்பல் அரபிக் கடலுக்குத் தெற்கே கால்ஸ்பேர்க் முகட்டின் காந்தத்தை அளந்தது. அவ்வளவைகளை வைத்து 1963-ல் வைன், மத்தியூஸ் என்ற இருவர், கடற்றரை முகட்டின் இருபுறமும் விலகி விரிகின்றது என்ற முடிவுக்கு வந்தனர். புவித்தகடுகள் நகர்கின்றன என்ற கொள்கை வேரூன்றியது நமது சமுத்திரத்தின் அடியிலேதான்!

அதே ஆண்டுகளில், அணுகுண்டுச் சோதனைகளை வேவு பார்க்கவென அமெரிக்கா உலகெங்கும் ஒரே தரத்திலான அதிர்ச்சிமானிகளை நிறுவியது. தமிழகத்தின் கொடைக்கானலும் அவ்வலையமைப்பில் ஒரு நிலையம். வேவு பார்க்க வைத்த கருவிகள், பூமியதிர்ச்சிகள் தகடுகளின் விளிம்புகளிற் கோடுகட்டியதுபோல் நிகழ்வதை வெளிப்படுத்தின. ஆளும் வர்க்கம் தன் தேவைக்கென உண்டாக்கும் கருவி, அதன் தேவையைத் தாண்டியும் உண்மை பேசும். ஆனால் அவ்வுண்மை தானாக மக்களிடம் வந்து சேர்வதில்லை.

இவ்விடத்தில் நம்மிடையே பரவலாக உள்ள ஒரு நம்பிக்கையைப் பற்றிச் சொல்லாமற் போதல் நேர்மையாகாது. இலங்கைக்குத் தெற்கே கடலிற் பள்ளம் உண்டு என்றவுடன், அங்கேதான் குமரிக்கண்டம் மூழ்கிற்று என்பார் உளர். 1864-ல் ஸ்கிளேற்றர் என்ற ஆங்கில விலங்கியலாளர், மடகாஸ்காரிலும் இந்தியாவிலும் காணப்படும் விலங்குகளின் ஒற்றுமையை விளக்க ‘லெமூரியா’ என்ற கண்டத்தைக் கற்பித்தார். தகடுகள் நகர்வது அன்று அறியப்படவில்லையாதலின் அக்கற்பனை பிறந்தது. கடற்கோள் பற்றிய பழைய நினைவுகளோடு அதனை நாம் இணைத்துக்கொண்டோம். ஆனால் அங்குள்ள கடற்றரை கண்டப் பாறையாலானது அன்று. முகடுகளில் எரிமலைக் குழம்பிலிருந்து பிறந்த கரும்பாறை. கடல்மட்டத்துப் பள்ளம் வேறு, மூழ்கிய நிலம் வேறு. கரையோர நிலங்களைக் கடல் கொண்ட செய்தியை நாம் மறுக்கவில்லை. கண்டம் ஒன்று மூழ்கிற்று என்பதையே மறுக்கின்றோம். தமிழின் பெருமைக்கு மூழ்கிய கண்டத்தின் சாட்சி வேண்டுவதில்லை.

அப்படியாயின் பள்ளத்தின் காரணம் என்ன? 2023-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த தேபஞ்சன் பால், அத்ரேயி கோஷ் ஆகிய இருவர் ஒரு விடையை முன்வைத்தனர். கடந்த 14 கோடி ஆண்டுகளில் மென்மூடி எவ்வாறு நகர்ந்திருக்கும் என்பதைக் கணினியில் 19 வகையாக நடத்திப் பார்த்து, எது இன்றைய பள்ளத்தைத் தருகிறது என ஒப்பிட்டனர். அவர்களின் முடிவு இது: இந்தியாவும் இலங்கையும் அந்தாட்டிக்காவை விட்டுப் பிரிந்து வடக்கே விரைந்தபோது, அவற்றுக்கும் ஆசியாவுக்கும் இடையே தெதிஸ் என்ற பழங்கடல் இருந்தது. அதன் தரைப்பாறை ஆசியாவின் கீழ்ச் செருகி, மென்மூடியின் அடிவரை அமிழ்ந்தது. அமிழ்ந்த குளிர்ப்பாறை, ஆபிரிக்காவின் கீழே ஆழத்திற் கிடக்கும் வெப்பப் பெருந்திரளை இடித்துக் கலைத்தது. அதிலிருந்து வெப்பமான, இலேசான பாறை மேலெழுந்து, 300 முதல் 900 கிலோமீற்றர் வரையான ஆழத்திற் பரந்தது. இலேசான அப்பாறையே ஈர்ப்பைக் குறைத்துக் கடலைத் தாழ்த்தியது. ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் பள்ளம் இன்றைய உருவைப் பெற்றது. இதுவே இறுதி விடை என அவர்களும் சொல்லவில்லை. எனினும், மறைந்த கடல் ஒன்றின் சுவடு இன்றைய கடலின் முகத்தில் தெரிகிறது என்பது வியப்பன்றோ!

இனி நம் காலடிக்கு வருவோம். கல்முனை முதல் பொத்துவில் வரையான மணற்கரைக்கும் வயல்களுக்கும் கீழே கிடப்பது ‘விஜயன் தொகுதி’ எனப்படும் பழம்பாறை; பிறந்து ஏறத்தாழ நூறு கோடி ஆண்டாயிற்று. மேற்கே மலைநாட்டின் பாறையோ அதனினும் பழையது. 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன், கோந்துவானா என்ற பெருங்கண்டம் ஒன்றுகூடியபோது, இவ்விரு தொகுதிகளும் மோதி ஒட்டின. அந்த ஒட்டின் ஓரமாகவே அம்பாறை மாவட்டத்து மகா ஓயாவின் வெந்நீரூற்றுகள் பொங்குகின்றன. நிலத்தின் மின்கடத்தும் தன்மையை அளந்து அவ்வூற்றுகளின் கீழ்ப்பகுதி ஆராயப்பட்டுள்ளது. 1975-ல் தீவு முழுவதற்குமான ஈர்ப்புப் படம் வெளிவந்தது. 2016-லும் 2017-லும் ஜெர்மனியின் பொற்ஸ்டாம் ஆய்வகமும் இலங்கைப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகமும் இணைந்து தீவெங்கும் 30 அதிர்ச்சிமானிகளை நிறுவிப் புவியோட்டின் தடிப்பை அளந்தன. அது 30 முதல் 40 கிலோமீற்றர் வரை. தடித்த பகுதி மலைநாட்டின் கீழ். நமது தீவு பழமையானது, உறுதியானது. தகட்டின் விளிம்பு நம் காலடியில் இல்லை. ஆதலால் நமக்கு ஆபத்தில்லை என்றே பலர் எண்ணியிருந்தோம்.

2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா நாளும்கூட. இலங்கை நேரப்படி காலை 6.58-க்குச் சுமாத்திராவின் மேற்கே தகட்டு விளிம்பு முறிந்தது. தெதிஸ் கடலை மூடிய அதே வடதிசை நகர்ச்சிதான் அங்கே தகட்டைச் சுமாத்திராவின் கீழ்ச் செருகுகின்றது. கடலின் பள்ளத்திற்கும் அந்த அதிர்ச்சிக்கும் நேரடித் தொடர்பு இல்லை; ஆயினும் இரண்டும் ஒரே பெரும் பயணத்தின் விளைவுகள். முறிவு வடக்கே நிக்கோபார், அந்தமான் வரை 1,200 கிலோமீற்றருக்கு மேல் ஓடியது.

கண்டிக்கு அருகே பள்ளேகலையில், 2000-ஆம் ஆண்டு முதல் சர்வதேச வலையமைப்பைச் சேர்ந்த ஓர் அதிர்ச்சிமானி இயங்கிவருகிறது. முதல் அலை அதனை ஏறத்தாழ நான்கு நிமிடத்தில் எட்டியது. சில நிமிடங்களின் பின் மேற்பரப்பலைகள் வந்தபோது, அங்கே நிலம் 9 சென்ரிமீற்றருக்கு மேல் உயர்ந்து தாழ்ந்ததாகப் பின்னர் கணித்தனர். மிக மெல்லிய, நெடிய அசைவு அது. மனித உடல் உணராதது. இலங்கை முழுவதும் அக்காலை ஒரு தோணிபோல் எழுந்து தாழ்ந்தது. மருதமுனையின் தறிக்காரரும், சாய்ந்தமருதின் மீனவரும், பாண்டிருப்பின் தாய்மாரும் அதனை அறிந்திலர். கருவி அறிந்தது, கரை அறியவில்லை.

ஆழ்கடலில் அப்பேரலை மணிக்கு 700 கிலோமீற்றர் வேகத்தில் வந்தது. அதிர்ச்சியின் அலைக்கோ அதனினும் முப்பது மடங்குக்கு மேற்பட்ட வேகம். இரண்டிற்கும் இடையே ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளியை இயற்கை நமக்குத் தந்திருந்தது. கல்முனையில் ஒருவர் கடற்கரையிலிருந்து உள்ளே நடந்து வயல்வெளியை அடைய அந்நேரம் தாராளமாகப் போதும். ஆனால் பள்ளேகலையின் பதிவுகளை அந்நேரத்திற் பார்த்துக் கரைக்குச் சொல்ல நாட்டில் ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. ஹவாயில் இருந்த எச்சரிக்கை நிலையம் பசிபிக் நாடுகளுக்கானது. அதுவும் அதிர்ச்சியின் வலுவை முதலில் மிகக் குறைத்தே மதித்தது. இலங்கையில் 35,000-க்கு மேற்பட்டோர் இறந்தோ காணாமற்போயோ மறைந்தனர். மாவட்டங்களுள் மிகுதியான உயிரை இழந்தது அம்பாறை: 10,000-க்கு மேல். பெரியநீலாவணை தொட்டு நிந்தவூர் வரை, முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் அடுத்தடுத்துக் கிடக்கும் அந்தக் கரையில், அலை மதம் பார்க்கவில்லை. ஆனால் வர்க்கம் பார்த்தது! கடலோரத்தில் ஓலைக்குடிலிலும் ஓரறை வீட்டிலும் நெருங்கி வாழ்ந்த ஏழை மீனவரே முதலில் மாண்டனர்.

இது எதிர்பாராத இயற்கைச் சீற்றம் என்று சொல்வோர் உண்டு. இயற்கையின் செயல் இயற்கையினதே, எதிர்பாராமை மனிதரது. 1881-ல் நிக்கோபாரில் நிகழ்ந்த அதிர்ச்சியின் அலையை இந்தியத் துறைமுகங்களின் நீர்மட்டமானிகள் பதிந்திருந்தன. 1883-ல் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபோது எழுந்த அலை, நமது மாவட்டத்தின் தென்கரையிலும் உயிர்ப்பலி கொண்டதாகப் பதிவுண்டு. அம்பாந்தோட்டைக்கு அருகேயுள்ள கரகன் களப்பின் சேற்றைத் துளைத்தெடுத்து ஆராய்ந்தவர்கள், கடந்த 7,000 ஆண்டுகளில் இத்தகைய பேரலைகள் பலமுறை வந்ததை 2014-ல் வெளியிட்டனர். பதிவுகள் இருந்தன; சேற்றிலும் சான்று இருந்தது. மக்களுக்காக அவற்றைத் தேடிப் படிக்கும் ஏற்பாடுதான் இல்லை.

அழிவுக்குப் பின் நடந்ததும் சிந்திக்கத்தக்கது. 2005-ல் அரசு கரையோரத்தில் வீடு கட்டத் தடை வலயம் வகுத்தது: தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். கடற்றரையின் சாய்வு என்ன, மணல்மேடு எங்கே உண்டு, அலை எந்த ஊரில் எவ்வளவு தூரம் புகுந்தது என்ற அளவைகளா இந்த எண்ணைத் தந்தன? ஊருக்கு ஊர் மாறும் நிலத்தின்மீது ஒரே அடிமட்டத்தை வைத்துக் கோடு கீறப்பட்டது. கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கிய நிலத்தில் நெருக்கமாக வாழும் கல்முனை, சாய்ந்தமருது மக்களுக்கு 200 மீற்றர் என்பது ஊரின் ஒரு பெரும் பங்கு. எதிர்ப்புக்குப் பின் அவ்வாண்டின் இறுதியில் விதி தளர்த்தப்பட்டது. அளவை வேண்டிய இடத்தில் ஆணை வந்தால், இழப்பவன் எப்போதும் ஏழையே.

2012 ஏப்ரல் 11-ல் சுமாத்திராவுக்கு மேற்கே, தகட்டின் விளிம்பிலன்றி அதன் நடுவிலேயே 8.6 அளவான அதிர்ச்சி நிகழ்ந்தது. இந்தியாவும் அவுஸ்திரேலியாவும் ஒரே தகட்டிற் செல்வதாக முன்பு கருதினர். அத்தகடு இலங்கைக்குத் தெற்கே நெளிந்து பிளவுபடத் தொடங்கியுள்ளது என்ற 1980-களின் ஆய்வுக்கு அது வலுவான சான்றாயிற்று. நிலம் பக்கவாட்டில் நகர்ந்தமையால் பேரலை எழவில்லை. ஆனால் இம்முறை எச்சரிக்கை வந்தது. கரை மக்கள் உள்ளே சென்றனர். யுனெஸ்கோவின் முயற்சியில் 2005 முதல் உருவான இந்து சமுத்திர எச்சரிக்கை ஏற்பாடும், 2007-ல் ஐதராபாத்தில் நிறுவப்பட்ட மையமும் அதற்குக் காரணம். எட்டாண்டில் இது இயலுமெனின், முன்பு இயலாததற்கு விஞ்ஞானத்தின் குறைபாடு காரணமன்று என்பது வெளிப்படை.

ஆசிரிய நண்பர்களும் மாணவர்களும் இங்கேயே தம் கடமையைக் காணவேண்டும். எச்சரிக்கைக் கோபுரம் சங்கொலி எழுப்பலாம். அச்சங்கின் பொருளை அறிந்த மக்கள் கரையில் இருத்தல் வேண்டும். கடல் திடீரென உள்வாங்கினால் மீன் பொறுக்க ஓடாது மேட்டை நோக்கி ஓடவேண்டும் என்பதும், முதல் அலையே இறுதி அலை அன்று என்பதும், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்கக்கூடிய பாடங்களே. பள்ளேகலையில் வரையப்படும் கோடுகள் கல்முனையின் பள்ளிக்கூடச் சுவரில் ஏன் தொங்கக் கூடாது? ஒலுவிலில் நமக்கொரு பல்கலைக்கழகம் உண்டு. சம்மாந்துறையில் அதன் பிரயோக விஞ்ஞான பீடம் உண்டு. இக்கரையின் நிலத்தையும் நீரையும் இக்கரையின் பிள்ளைகளே அளக்கவும், அளந்ததைத் தம் தாய்மொழியில் மீனவரிடம் எடுத்துரைக்கவும் அவை களமாதல் வேண்டும்.

லாம்டனின் சங்கிலி வரிக்காக நீண்டது. மைனெஸின் ஊசல் போர்க்கப்பலில் ஆடியது. அதிர்ச்சிமானிகள் அணுகுண்டுக்காகக் காது கொடுத்தன. இவற்றிலிருந்து மனித குலம் பெற்ற அறிவு பெரிது. அதனை யாரும் இகழ வேண்டியதில்லை. ஆனால் கடற்கரையிற் பாடுபட்டு வாழ்பவனின் உயிருக்காகவே ஓர் அளவை எடுக்கப்படும் காலத்தை நாம் கோருகிறோம். பூமி தன் செய்தியை அனைவருக்கும் பொதுவாகவே அனுப்புகின்றது. 2004-ல் அச்செய்தி நான்கு நிமிடத்திற் பள்ளேகலைக்கு வந்தது. அங்கிருந்து கல்முனைக்கு வரவேயில்லை. அந்த வழியை அமைப்பதும், அமைத்ததைப் பழுதின்றிக் காப்பதும் கல்வியின் பணி, அரசின் கடன், மக்களின் உரிமை.